வலப்பக்கச் சாய்வு

மோட்டர் கோணலாக இருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். விமானத்தின் வாலைத் தன் பக்கம் திருப்பி வைத்து, ஒரு கண்ணை மூடி, மோட்டரின் தண்டு நுனி வரை பார்வையை ஓட்டினார்.

சந்தேகமே இல்லை. வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதிகமில்லை. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அவருக்கு அழுகை வந்தது.

மகள் சிந்துஜா கட்டிய ரிமோட் விமானம் அது. கல்லூரி விமானக் கிளப்பின் சாகசப் போட்டிக்காக, மெல்லிய பலகையும் தெர்மாகோலும் ஒட்டி, தன் அறையிலேயே உட்கார்ந்து கட்டினாள். இறக்கை, வால், சக்கரம் எல்லாம் முடித்து, கடைசியாக மோட்டரையும் பொருத்திவிட்டாள்.

பறக்கவிட அவள் இல்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

இன்று அதை அவள் தோழி ரெஹானா பறக்கவிடப் போகிறாள். கிளப் பிள்ளைகள் எல்லாரும் மைதானத்துக்கு வருகிறார்கள். திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் அவர் விமானத்தைக் கூடத்துக்கு எடுத்து வந்திருந்தார்.

பம்ப்செட் கம்பெனியில் மோட்டர் பொருத்துவதுதான் அவர் வேலை. தண்டு மயிரிழை சாய்ந்தாலும் பேரிங் போய்விடும். கோணலைக் கண்டால் கை சும்மா இருக்காது. வீட்டிலும் அப்படித்தான். சிந்துஜா சுவரில் ஆணி அடித்தால் பிடுங்கி மறுபடி அடிப்பார்.

"உங்க கண்ணுக்கு எல்லாமே கோணல்தானுங்கப்பா" என்பாள்.

திருகுகளைக் கழற்றினார்.

இடப்பக்கத் திருகுகளுக்கு அடியில் மட்டும் வாஷர்கள் இருந்தன. வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. அதனால்தான் சாய்வு.

உடம்பு அனலாகக் கொதிக்கும்போது உட்கார்ந்து மாட்டியிருக்கிறாள். அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரியவில்லை.

சாகும்போது செய்த தப்போடு அவள் விமானம் நாலு பேர் முன்னால் போகக் கூடாது.

வாஷர்களை எடுத்துவிட்டார். மோட்டரை மூக்குப் பலகையோடு ஒட்ட வைத்து, மூலைமட்டம் பிடித்துப் பார்த்து, ஒவ்வொரு திருகாக மாற்றி மாற்றி இறுக்கினார். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினால் இழுத்துக்கொள்ளும். அதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ப்ரொபெல்லரை மாட்டி விரலால் சுழற்றினார். ஆடவில்லை. நேராகச் சுழன்றது.

மகளுக்காகச் செய்ய ஒரு வேலை மிச்சமிருந்ததே என்று இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் பசித்துச் சாப்பிட்டார்.

மைதானத்தில் ரெஹானா பாட்டரியை மாட்டினாள். ரிமோட்டை அசைத்து, இறக்கைத் துண்டுகள் சரியாக ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்தாள். பிறகு விமானத்தின் முதுகை ஒரு தரம் தடவிக்கொடுத்தாள்.

விமானம் தரையில் ஓடி எழும்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை.

ரெஹானா அதைச் செங்குத்தாக மேலே ஏற்றினாள். கோடு போட்டது போல ஏற வேண்டும் என்று சிந்துஜா சொல்லிக் கேட்டிருக்கிறார்.

ஏறியது. ஏற ஏற இடப்பக்கம் சாய்ந்தது.

ரெஹானா அதைச் சமாளித்துக் கீழே கொண்டுவந்து மறுபடி ஏற்றினாள். மறுபடியும் இடப்பக்கம்.

கைதட்டல் நின்றுபோனது.

"ஏம்மா அப்படி இழுக்குது?" என்றார்.

ரெஹானா வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"மோட்டர் நேரா இருக்குது போலங்க அங்கிள். ப்ரொபெல்லர் சுத்தற வேகத்துக்கு விமானம் இடது பக்கம் இழுத்துட்டுப் போகும். அதுக்குத்தான் மோட்டரைக் கொஞ்சம் வலது பக்கம் சாய்ச்சு வெக்கோணும். ஒரு பக்கம் மட்டும் வாஷர் போட்டாப் போதும். எங்களுக்கெல்லாம் அவதான் சொல்லிக்குடுத்தா."

விமானத்தை மேலேயே வட்டமடிக்க விட்டாள்.

"அவளே மறந்துட்டா, பாவம். காய்ச்சலோட மாட்டியிருப்பா. விடுங்க அங்கிள்."



அவர் சட்டைப் பையில் கையை விட்டார். வாஷர்கள் அங்கேதான் இருந்தன. கூடத்தில் கழற்றியவற்றைப் பழக்கத்தில் பையில் போட்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பாவம் பார்த்து எல்லாரும் விட்டுவிடுவார்கள். யாருக்கும் தெரியப்போவதில்லை.

பின்னால் நின்ற பையன் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் மெதுவாகச் சொன்னான்.

"சிந்துஜாவா இப்படி விட்டா? நம்பவே முடியலடா."

அவர் திரும்பினார்.

"அவ மறக்கலை சாமி. சாய்ச்சுத்தான் வெச்சிருந்தா. நாந்தான் நேராக்கிட்டேன்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்னும் சில பிள்ளைகள் தள்ளி, வேப்பமரத்து நிழலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் இது விழுந்திருக்காது.

அவர் அவர்களை நோக்கி நடந்தார்.