ருசி பார்த்த கையெழுத்து

கல்லூரி மாணவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடும் கூடம் அது. மேலாளர் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பரிமாற முடியும்.

“அக்கா, உங்க கைப்பக்குவமே தனி. ஆறு வருஷத்துல ஒருநாள்கூட உப்பு கூடினதுமில்ல, குறைஞ்சதுமில்ல” என்று சமையல்கார அக்காவிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர், வரிசையில் முதலில் நின்ற பெண்ணின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

“போட்டோல பையன் இருக்கான். நீ யாரும்மா?”

“நான்தான் சார். அப்போ எடுத்தது. அட்டையை மாத்த மனு குடுத்திருக்கேன்.”

“மாத்திட்டு வா. அதுவரைக்கும் சாப்பாடு கிடையாது.”

“வீட்டுலயும் சேர்க்கல சார். நேத்து மத்தியானம் சாப்பிட்டது.”

“அதுக்கு நான் என்ன பண்ண? முகம் ஒண்ணு, அட்டை ஒண்ணுன்னா ஆளை எப்படி நம்புறது?”

அதற்குள் சமையல்கார அக்கா ஒரு தட்டை நிரப்பி அவளிடம் நீட்டிவிட்டாள்.

“அக்கா! நான் சொன்னது காதுல விழலையா?”

“நல்லாவே விழுந்துச்சு சார்.”

கழுத்தில் எப்போதும் பின்பக்கமாகவே தொங்கும் தன் வேலை அட்டையை அக்கா முதன்முறையாகத் திருப்பிக் காட்டினாள். அரும்பு மீசையோடு ஓர் இளைஞன் அதில் முறைத்துக்கொண்டிருந்தான்.

“இதுவும் நான்தான். நம்பிக்கையில்லைன்னா இப்ப போட்ட கையெழுத்தை அடிச்சிடுங்க சார். ஆறு வருஷமா போட்டதையும் சேர்த்து.”

மேலாளர் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

“அந்தப் பொண்ணுக்கு இன்னொரு கரண்டி போடுங்க” என்றவர், கொஞ்சம் தயங்கி, “அக்கா” என்று முடித்தார்.