எல்லாருக்கும் சதயம்

"மருதமுத்து... சதய நட்சத்திரம்..."

ஒலிபெருக்கியில் பண்டாரத்தின் குரல் கணீரென்று வந்ததும் கலியாணசுந்தரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

லோரி ஓட்டும் மருதமுத்துவுக்கு நட்சத்திரமே தெரியாது. இப்போதுதான் தட்டை நீட்டும்போது, "எஸ்டேட்ல பொறந்தவன் சாமி, நட்சத்திரமெல்லாம் யாரு பாத்து வச்சா?" என்று சிரித்தான். பக்கத்தில் நின்று தன் காதாலேயே கேட்டார் கலியாணசுந்தரம்.

காஜா பேராங் ஊரின் அந்த அம்மன் கோயிலுக்கு என்று ஒரு முறை உண்டு. நட்சத்திரம் சொல்லத் தெரியாதவர்களுக்கு அம்மனுடைய பூரம். பேரும் சொல்லாவிட்டால் அம்மன் பேருக்கே அர்ச்சனை. கோயில் கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் அந்தத் தீர்மானத்தைப் போட்டவரே கலியாணசுந்தரம்தான். சொல்லாமல் விட்டது எதுவானாலும் அது தாயாரைச் சேரட்டும் என்பது அவர் எண்ணம்.

அப்படியிருக்க, ஏகாம்பரப் பண்டாரம் இந்தச் சதயத்தை எங்கிருந்து பிடித்தார்?

வாய் தவறியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அடுத்தது பொன்னம்மா. "மகம்" என்று சொல்லித் தட்டைக் கொடுத்தாள். மகம் என்றே வந்தது. அதற்கடுத்து தையற்கடை நல்லையா. பேரை மட்டும் சொன்னார்.

"நல்லையா... சதய நட்சத்திரம்..."

இது வாய் தவறியது இல்லை.

மற்ற நாளில் பண்டாரம் முணுமுணுப்பது அம்மனுக்கு மட்டும்தான் கேட்கும். நாளைக்கு மெர்டேகா சுதந்திர தினம், நாட்டுக்காகச் சிறப்புப் பூசை என்று கலியாணசுந்தரமே வாடகைக்கு எடுத்துவந்து கட்டிய ஒலிபெருக்கி, இன்றைக்கு எல்லாவற்றையும் தெருமுனை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. எத்தனை வெள்ளிக்கிழமையாக இது நடக்கிறதோ!

"நிறுத்துய்யா பூசைய!"

மணி நின்றது. கூட்டம் கலியாணசுந்தரத்தைத் திரும்பிப் பார்த்தது.

"யாருய்யா அந்தச் சதயம்?"

பண்டாரத்தின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, பூசை முடியட்டுங்களே..."

"தெரியாதவங்களுக்குப் பூரம்னு தீர்மானம் இருக்கா இல்லையா?"

"இருக்குதுங்க."

"அப்புறம் எதுக்குச் சதயம்? உன் நட்சத்திரமா?"

"இல்லீங்க."

"உன் மகனோடதா?"

"இல்லீங்க."

மருதமுத்து குறுக்கே வந்தான். "விடுங்கய்யா. எனக்கு எந்த நட்சத்திரமா இருந்தா என்னலா?"

"நீ சும்மா இரு. தேங்கா உன்னுது, தட்டு உன்னுது, பலன் மட்டும் எவனுக்கோ போகுது! அம்மன் சந்நிதியிலேயே திருட்டு!" என்று கத்தினார் கலியாணசுந்தரம்.

"பேரு அவங்களுதுதாங்க ஐயா," பண்டாரம் கும்பிட்டார். "பெத்த தாய்க்குப் பிள்ளையத் தெரியாதா? மருதமுத்துக்குச் சேர வேண்டியது மருதமுத்துக்குச் சேந்துரும். நட்சத்திரத்துக்குன்னு காலியா கெடந்த எடத்துலதான் வச்சேன்."

"யாரோடத வச்ச?"

"அத மட்டும் கேக்காதீங்க."

கூட்டத்தில் சலசலப்பு. அவரவர் போன வாரம் கொடுத்த தட்டை நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. பொன்னம்மா மட்டும் தன் மகம் தப்பியது என்ற நிம்மதியில் நின்றாள்.

"சொல்லு. இல்லன்னா கோயில் சாவிய வச்சிட்டுப் போ. நாளைக்குப் பூசைக்கு வேற ஆளு வரும்."

கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் பண்டாரத்தின் குடும்பத்துக்கு வீடு. வேலை போனால் கூரையும் போகும். அது ஊருக்கே தெரியும். இனி கக்கிவிடுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஏகாம்பரம் கருவறையை ஒருமுறை பார்த்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து, அர்ச்சனைத் தட்டில் வைத்தார்.

கலியாணசுந்தரம் அசந்துபோனார். யாரோ ஒருவருடைய நட்சத்திரத்துக்காகவா ஒரு மனிதன் தன் சோற்றை விட்டுக்கொடுப்பான்?

"எடுத்து இடுப்புல சொருகிக்குங்க, பண்டாரம்."

பெண்கள் பக்கமிருந்து குரல் வந்தது. கலியாணசுந்தரத்தின் மனைவி பாக்கியலட்சுமி. நாலு பேர் நடுவில் கணவன் எதிரே வாய் திறந்தே பழக்கமில்லாதவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீ எதுக்கு இதுல வர்ற?" என்று சீறினார் கலியாணசுந்தரம்.

"அவரா ஒண்ணும் பண்ணலங்க. நான்தான் கால்ல விழாத குறையாக் கேட்டேன்."

"என்னன்னு?"

"தமிழ மறந்துட்டு வீட்டுல மலாய் பேசுற செட்டிப் பையனக் கட்டிக்கிட்டாளேன்னு, அவ பேர வீட்டுலயும் சொல்லக் கூடாது, இந்தக் கோயில்லயும் சொல்லக் கூடாதுன்னீங்க. இன்னிவரைக்கும் யாரும் சொல்லல. இப்ப அவளுக்கு நெறமாசம். ரொம்ப முடியாம ஆஸ்பத்திரியில கெடக்குறா. பேரு சொல்லாம அம்மன்கிட்ட அவள ஒப்படைக்க எனக்கு வேற வழி தெரியல."

கலியாணசுந்தரம் தட்டிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார்.

"உன்னுதா, உன் மகனுதான்னு அவர இந்த விரட்டு விரட்டுனீங்களே," பாக்கியலட்சுமியின் குரல் உடைந்தது. "சதயம்னு அத்தனை தடவ காதுல விழுந்தும், நாம பெத்த பொண்ணோட நட்சத்திரம்னு உங்களுக்குத் தோணவே இல்லையாங்க?"