ஸ்பீக்கர் எதுவானாலும் சரி

ஸ்பீக்கரின் விலையை அவர் கேட்கவே இல்லை.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். கேட்டதும் ஒரு கணம் மூச்சு நின்றுவிடும். அதற்காகவே முதலாளி விலையைக் கொஞ்சம் ஏற்றி வைத்திருப்பார். பிறகு மனசே இல்லாதவர்போல இறக்குவார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், அந்த ஸ்பீக்கருக்கான வயரை நாங்கள் என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

லாபமே வயரில்தான்.

இவர் வயர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஸ்பீக்கர் எது வேணா போடுங்க. ரூம்தான் முக்கியம். சத்தம் துளிகூட வெளிய போகக் கூடாது."

எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. லட்சக்கணக்கில் கொட்டி ஸ்பீக்கர் வாங்கிப்போய், மொட்டைச் சுவர்களுக்கு நடுவே வைத்துவிட்டு, இரைகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் நான். அறை சரியில்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட ஸ்பீக்கரும் தகர டப்பாதான். அதை நான் சொல்லாமலே தெரிந்துகொண்டு வந்த முதல் மனிதர் இவர்.

விஷயம் தெரிந்த ஆள் என்று முதலாளிக்குக் கண்ணைக் காட்டினேன்.

மாடியில் பழைய சாமான் போட்டு வைத்திருக்கும் அறையாம். சின்னதுதான். ஜன்னலை அடைத்துவிடலாம் என்றார். அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே முணுமுணுக்கிறார்களாம். விடிய விடிய ஓடினாலும் அவர்கள் காதில் விழக் கூடாது.

ராத்திரியில் பாட்டுக் கேட்கிற ரகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட மனைவி வந்திருந்தாள். சோபாவின் ஓரத்தில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பல நாள் தூங்காத கண்கள். உங்களுக்கும் பாட்டென்றால் உயிரா என்று பேச்சுக்குக் கேட்டேன். "பாட்டெல்லாம் எங்கங்க..." என்று ஆரம்பித்தவள், கணவர் திரும்பியதும் நிறுத்திக்கொண்டாள்.

கடையின் பின்பக்கம் பாட்டுப் போட்டுக் காட்டும் அறை இருக்கிறது. இரட்டைச் சுவர். நடுவில் பஞ்சு. நாலு விரல் கனத்தில் கதவு, சுற்றிலும் ரப்பர்.

இருவரையும் அங்கே கூட்டிப்போய், பாட்டுப் போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"நான் வெளிய நிக்கறேன். நீ உள்ள இருந்து கத்து," என்றார் மனைவியிடம். "நெஜமாவே கத்தணும்."

முதலாளி சிரித்துக்கொண்டே அவரோடு வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது.

அந்தக் கதவைச் சாத்தினால் காதுக்குள் யாரோ விரலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். நம் மூச்சு நமக்கே கேட்கும். கத்துங்கள் என்று அவளுக்குச் சைகை காட்டினேன்.

அவள் கத்தவில்லை. கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"வெளிய கேக்குதுன்னு சொல்லிடுங்க. எப்படியாவது சொல்லிடுங்க."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

கதவு திறந்தது.

"ஒண்ணுமே கேக்கல!" அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "நல்லா கத்தினே இல்ல?"

அவள் தலையாட்டினாள்.

அவள் வாயே திறக்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் வீட்டுக்குப் போனதும் அவள் என்ன பாடுபடுவாளோ. வேறு பக்கமாக இழுத்துப் பார்த்தேன். கடை வேறு, வீடு வேறு. மூச்சுவிடக் காற்று வந்தாக வேண்டும். காற்று வருகிற வழியில் சத்தமும் போய்விடும் என்றேன்.

முதலாளி என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். "அதெல்லாம் அடைச்சுடலாம் சார். மொத்தத்துல பத்து பர்சன்ட் கழிச்சுத் தரேன்."

"கழிக்க வேணாம்," என்றார் அவர். "அந்தக் காசுக்குச் சுவரை இன்னும் தடிமனாக்குங்க."

இத்தனை வருஷத்தில் தள்ளுபடியை வேண்டாம் என்று சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன்.

கார்டைத் தேய்த்து முன்பணம் கட்டினார். கிளம்பப் போனவர், சில்லறை விஷயம் ஒன்று விட்டுப்போன மாதிரி திரும்பினார். தாழ்ப்பாளைக் கதவின் வெளிப்பக்கம் வைக்க முடியுமா?

முதலாளி யோசிக்கவே இல்லை. "தாராளமா. அதுக்குத் தனியா காசு வேணாம் சார்."

அவர்கள் இருவரும் சுவரின் கனத்தைப் பேசிக்கொண்டு நிற்க, மனைவி தனியாகப் படியிறங்குவதைப் பார்த்தேன். பின்னாலேயே ஓடினேன். என் விசிட்டிங் கார்டை அவள் கையில் திணித்தேன்.

"இதுல என் நம்பர் இருக்கு. வீட்டுக்குப் போகாதீங்க. என்கூடவே வந்துடுங்க. உங்கள அதுக்குள்ள போட்டு அடைக்க நான் விடமாட்டேன்."

விளங்காமல் என்னைப் பார்த்தாள். மெல்ல மெல்ல விளங்கியது. இல்லை என்று தலையசைத்தாள்.

"என்னை இல்லைங்க. எங்க மாமியாரை."

மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்களுக்கு எல்லாமே மறந்துபோச்சு. சோறு சாப்பிட்டது மறந்துபோச்சு, என்னையும் மறந்துபோச்சு. இவரு பேரு மட்டும் மறக்கல. ராத்திரி பகலா அதைச் சொல்லித்தான் கூப்பிட்டுட்டே இருக்காங்க."