சின்னப் பந்தி

"மதினி, நீங்க இந்தப் பந்தியில உக்காராதீக. அங்கன, சின்னப்பிள்ளைக பந்தியில போய் உக்காருங்க."

மாரீஸ்வரி இதை மெதுவாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. மார்க்கையன்கோட்டைக் கோயில் மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னாள்.

ஹேமாவதிக்கு முகம் சுண்டிப்போனது. காது குத்துகிற பிள்ளைக்குத் தாய்மாமன் சம்சாரம் அவள். மேளதாளத்தோடு சீர்த்தட்டு தூக்கி வந்தவள். முதல் பந்தியில் முதல் இலை அவளுக்கல்லவா?

"ஏன் மாரி, பெரியவுக பந்தியில எடம் இல்லையா?"

"எடமெல்லாம் இருக்கு. பொடிசுக கறிக்கு அடிச்சுக்குதுக. பெரியாளு ஒருத்தர் கூட இருக்கணும்ல?"

"அதுக்கு மாமன் பொண்டாட்டிதேன் கெடைச்சாளாக்கும்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ஹேமாவதி கணவனைப் பார்த்தாள். சுரேஷ்கண்ணன் அந்த நேரம் பார்த்து செல்போனில் மும்முரமானான். தங்கச்சி மாரீஸ்வரி முன்னால் அவன் என்றைக்கு வாய் திறந்திருக்கிறான்!

எல்லாம் பழைய கோபம்தான் என்று முடிவு கட்டினாள். மூன்று மாதத்துக்கு முன், எடை குறைய இரைப்பையைச் சுருக்குகிற ஆபரேஷனுக்கு அவள் நாள் குறித்தபோது, மாரீஸ்வரி வீடேறி வந்து சண்டை போட்டாள்.

"தையல் போட்ட எடம் கசிஞ்சா? கால்ல ரத்தம் கட்டுனா? ஆயுசுக்கும் சத்து மாத்திரை முழுங்கணுமாமே! வேணாம் மதினி."

"டாக்டர் எல்லாத்தையும் சொன்னாக. சர்க்கரையும் முட்டுவலியும் படுறவ நானு. படுத்தா மூச்சு முட்டுது. நல்லா யோசிச்சுத்தேன் சரின்னேன்."

அதோடு பேச்சு நின்றது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சர்க்கரை இறங்கியது, மாடிப்படி சுலபமானது. முடிதான் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நாலு வாய் கூடுதலாகப் போனால் வயிறு வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். வெளியாட்கள் யாருக்கும் விஷயம் தெரியாது. காய்ச்சலில் இளைத்துவிட்டேன் என்று சமாளித்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போதே அவளுக்கு ஒரே பயம், மாரீஸ்வரியின் மாமனார் மொக்கைச்சாமிதான். பந்தி விசாரிப்பதில் மனிதர் சூரர். மூன்று தரம் கறி வாங்காமல் ஒருத்தரையும் இலை மடக்க விடமாட்டார். அவர் சொல்கிறபடி தின்றால் சபை நடுவே வாந்தி எடுக்க வேண்டியதுதான். தின்னாவிட்டாலோ, தாய்மாமன் பொண்டாட்டி கை நனைக்காமல் போய்விட்டாள் என்று ஊர் பேசும்.

இப்போது அந்தப் பயம் போய், அவமானம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பொடிசுகளோடு உட்கார்ந்தாள். துண்டு இலை. அதில் கொஞ்சம் குழைந்த சோறு, காரமில்லாத எலும்புச் சாறு, பூப்போல வெந்த ஈரல், அரை முட்டை. ஒருத்தன் அடுத்தவன் முட்டையைப் பிடுங்கினான். ஒருத்தி சாற்றை ஹேமாவதியின் பட்டுச்சேலையில் கவிழ்த்துவிட்டு, "அத்தை, நீங்களும் என்னை மாதிரிதேன் மெல்ல மெல்ல திங்கிறீக!" என்று கெக்கலி கொட்டினாள். ஹேமாவதிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிள்ளைகள் முடிக்கிறவரைக்கும் நிதானமாக மென்று தின்றாள். இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்க ஒரு ஆள் வரவில்லை. வயிறும் சமர்த்தாக இருந்தது. மனசுதான் ஆறவில்லை.

கை கழுவுகிற இடத்தில் மொக்கைச்சாமி வியர்க்க விறுவிறுக்க நின்றிருந்தார்.

"கை நனைச்சியா தாயி? மருமக செஞ்சது மரியாதை இல்ல. மனசுல வச்சுக்காத."

"இருக்கட்டும் மாமா. உங்க ஊரு வழக்கம் அதுதானே?"

"வழக்கமா! எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா பந்தி விசாரிக்கேன். சின்னப்பிள்ளைகளுக்குத் தனிப் பந்தின்னு ஒண்ணை இன்னைக்குத்தேன் பாக்கேன். ஆத்தா மடியில இருந்த பிள்ளைகளையெல்லாம் இழுத்துட்டு வந்து உக்கார வச்சா. காரமில்லாம தனிச் சட்டி வேற. நான் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாதாம்!"

"ஏனாம்?"

"கேட்டதுக்கு, 'சின்ன வயிறு மாமா, நீங்க வைக்கிறதைத் தாங்காது'ங்கிறா!"