தம்பியின் காலை நடை

"நாயை யாருக்காவது கொடுத்துட்டு வீட்டுக்கே வந்துடு" என்று சொல்லத்தான் அக்கா தம்பியைப் போனில் அழைத்தாள். வேலைக்காக வேறு ஊரில், ஒற்றை அறையில், கணினியோடு கிடப்பவன். அழைப்பு மணி அடித்தால் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நிற்பவன். தன்னையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு நாய் எதற்கு?

"நடந்துட்டிருக்கேன், சொல்லுக்கா."

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு முரட்டுக் குரல் கேட்டது. "என்னப்பா, இன்னைக்கு பத்து நிமிஷம் லேட்டு?"

"தூங்கிட்டேண்ணே. முதுகு வலி எப்படி இருக்கு?"

"யாருடா அது?" என்றாள் அக்கா.

"தையல்காரர்க்கா. நாயைக் கொஞ்ச வருவாரு, அப்படிப் பழக்கம்."

அடுத்து மருந்துக்கடை அம்மா. அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லாரிடமும் நின்று பேசினான், சிரித்தான். அவன் சிரிப்பைக் கேட்டே வருடக்கணக்காகியிருந்தது.

"எல்லாம் அந்த நாலுகால் செஞ்ச வேலையாடா? போனை அதோட காதுல வை, ஒரு வார்த்தை பேசணும்."

"அது வீட்ல படுத்திருக்குக்கா. கால்ல அடி. பத்து நாளா வெளியே வர்றதில்ல."

"அப்புறம் நீ ஏன்டா தெருவுல நடக்கிற?"

"நான் வரலைன்னா இவங்கல்லாம் தேடுவாங்கக்கா."



"சரி, நட" என்றாள் அக்கா.