அத்தை கொட்டிய ஒயின்

எர்சிலியா அத்தை மறுபடியும் ஒயினைக் கொட்டிவிட்டாள்.

இத்தாலியின் சியெனா நகரில் மதியச் சாப்பாடு. எல்லோரும் கிளாஸைத் தூக்கி வாழ்த்துச் சொல்லப் போகிற நேரம் பார்த்து முழங்கையால் ஓர் இடி. சிவப்பு ஒயின் வெள்ளை விரிப்பு முழுக்க ஓடியது.

"வந்துடுச்சுய்யா அதிர்ஷ்டம்!" என்று வீட்டு மாப்பிள்ளை புரூனோ விரலை ஒயினில் தொட்டுக் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டான். ஒயின் கொட்டினால் அப்படிச் செய்யணும், நல்லது நடக்கும். "நேத்து லூக்காவுல ஒண்ணு, இன்னிக்கு இங்க ஒண்ணு. அத்தை புண்ணியத்துல ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு லாட்டரியே விழுந்துடும்!"

எல்லோரும் சிரித்துக்கொண்டே காதைத் தடவிக்கொண்டார்கள். லொரேதானா மட்டும் சிரிக்கவில்லை.

அவளுக்கும் எத்தோரேவுக்கும் நாற்பதாவது கல்யாண நாள். அதற்காகத்தான் பெர்கமோவிலிருந்து வேன் பிடித்துக் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சுற்றி வருகிறார்கள். நாத்தனார் எர்சிலியாவைக் கூட்டி வர அவளுக்கு இஷ்டமே இல்லை. எத்தோரேதான், "இருக்கிறது ஒரே தங்கச்சி, அவளை விட்டுட்டா போறது?" என்று ஏற்றிக்கொண்டார்.

துடைக்கத் துணி வாங்கிவர மகன் சில்வியோ உள்ளே ஓடினான். அவன் வருவதற்குள் வாழ்த்து முடிந்து, பாஸ்தாவும் வந்துவிட்டது.

வேனில் ஏறியதும் லொரேதானா புருஷனின் காதைக் கடித்தாள்.

"உங்க தங்கச்சி கை நடுங்குதே, கவனிச்சீங்களா?"

"வயசாகுதுல்ல, லொரே."

"எனக்குந்தான் வயசாகுது. நான் கொட்டுறேனா? இது வேற நடுக்கம். எங்கப்பாகிட்ட பார்த்த நடுக்கம். காலையிலயே ரூம்ல ஊத்திக்கிட்டு வர்றா."

அதற்கு மேல் எத்தோரேவால் மறுத்துப் பேச முடியாது. குடித்தே குடும்பத்தை அழித்தவர் அவர் மாமனார். சாப்பாட்டோடு ஒயின் வேறு, குடி வேறு என்பாள் லொரேதானா. குடி என்று வந்துவிட்டால் அவளிடம் மன்னிப்பே கிடையாது. கூடப் பிறந்த தம்பியையே அதற்காக வாசற்படி ஏறவிடாதவள் அவள்.

மறுநாள் மொந்தால்சினோவில் ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே மேஜை போட்டிருந்தார்கள். எத்தோரே சொல்லிவைத்து வாங்கிய ஒயின் வந்தது. அவர்கள் கல்யாணம் நடந்த வருஷத்து ஒயின். தோட்டக்காரரிடம் மிச்சமிருந்ததே அந்த ஒரு பாட்டில்தான்.

லொரேதானா நாத்தனாரைக் கடைசி நாற்காலிக்குக் கைகாட்டினாள். அத்தை அதைக் கண்டுகொள்ளாமல் சில்வியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் எப்பவும் இவன் பக்கத்துலதானே அண்ணி."

"எங்கயோ உக்காரு. ஆனா உனக்கு ஒயின் கிடையாது. தண்ணி குடி."

"தண்ணி கிளாஸை மோதினா அபசகுனம் அத்தை," என்றான் புரூனோ. "வாழ்த்துற நேரத்துல நீங்க பேசாம கையைக் கட்டிக்கிட்டு இருந்துடுங்க."

"சரிப்பா," என்றாள் அத்தை. அவமானத்தில் முகம் சுண்டிப்போனது.

எத்தோரே தன் கையாலேயே ஒவ்வொருவருக்கும் ஊற்றினார். எழுந்து நின்று மனைவியைப் பார்த்தார்.

"லொரே, உன்னோட இத்தனை வருஷம்..."

சொல்லி முடிக்கவில்லை. கிளாஸ் ஒன்று படீரென்று பறந்து, கல்தரையில் விழுந்து நொறுங்கியது. ஒயின் முழுவதும் லொரேதானாவின் சந்தன நிறப் பட்டு உடுப்பில்.

இந்தத் தடவை யாரும் காதைத் தடவிக்கொள்ளவில்லை.

"போதும்!" லொரேதானா துள்ளி எழுந்தாள். "இன்னிக்கு ஒருநாள், இந்த ஒரு பாட்டில்! அதையும் விட்டு வைக்கலையே இந்தக் குடிகாரி! கேளுங்க, உங்க தங்கச்சியைக் கேளுங்க!"

எத்தோரே தங்கையைப் பார்த்தார். "எர்சிலியா, நிஜத்தைச் சொல்லும்மா. குடிச்சிருக்கியா?"

அத்தை நிமிர்ந்தாள்.

"ஆமாண்ணா. குடிச்சிருக்கேன்."

"கேட்டீங்கல்ல?" லொரேதானா ரோட்டைக் காட்டினாள். "எழுந்திரு. குடிகாரங்களுக்கு என் மேஜையில இடமில்லை. சாயங்கால ரயில்ல ஊர் போய்ச் சேரு. இனிமே என் வீட்டுப் பக்கமும் வராதே."

பார்க்கவே பாவமாக இருந்தது. அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சில்வியோ சட்டென்று அவள் கையைப் பிடித்தான்.

"உக்காருங்க அத்தை."

"சும்மா இருடா. வாயைத் திறக்காதே."

"எத்தனை நாளைக்கு அத்தை?" சில்வியோ அம்மா பக்கம் திரும்பினான். "அத்தை ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலைம்மா. லூக்காவுல, சியெனாவுல, இங்க, மூணு ஊர்லயும் அவங்க தட்டிவிட்டது என் கிளாஸை மட்டும்தான்."

"உன் கிளாஸையா? எதுக்குடா?"

"போன குளிர்காலம் பூரா திரியெஸ்தேயில வேலைன்னு சொன்னேன்ல? வேலை இல்லைம்மா. குடியை நிறுத்த வைத்தியம். வாராவாரம் ரயிலேறி வந்து பார்த்தது அத்தை மட்டும்தான். இப்ப ஒரு வாய் உள்ள போனாலும் பழையபடி ஆயிடுவேன். வேண்டாம்னு உன் முன்னாடி சொன்னா ஏன்னு கேப்ப. அந்தப் பயம்தான்."

லொரேதானாவின் நீட்டிய கை அப்படியே நின்றது.

சில்வியோ அத்தையைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"உன் மேஜையில இடமில்லாத குடிகாரன் நான்தாம்மா."