எதிரி ஊரில் ஒரு வீடு

“சமாதானம் பேசச் சொல்கிறவர்கள் எதிரி நாட்டுக்கே போய்த் தொலையட்டும்” என்று ஒரு காலத்தில் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதையே சட்டமாக்கிவிட்டார்கள். பேச்சுவார்த்தை கேட்டுத் தூத்துக்குடி கடைத்தெருவில் பதாகை பிடித்த செல்வராணியையும் அவளைப் போன்றவர்களையும் ஏற்றிப்போகக் கப்பல் நின்றது. அவள் தன் கடையின் இட்லிக் கொப்பரையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஒரு மன்னிப்புக் கேட்டா வீட்டுக்குப் போயிரலாம்க்கா” என்றான் கப்பலடியில் நின்ற இளம் அதிகாரி. “அடுத்த வாரம் அங்க குண்டு விழப்போகுது.”

“எங்க விழும்?”

“மொதல்ல அவங்க விமானத்தளத்துலதான். டிவியிலதான் தெனமும் சொல்லுதாங்களே.”

“அப்ப அதுக்கு எதுத்தாப்புலயே எனக்கு ஒரு வீடு பாத்துக் குடுங்க. அங்க கடை போட்டுக்கிடுதேன்.”

“எனக்கும் அதே தெருவுல!” என்று பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். வரிசை துறைமுக வாசலைத் தாண்டிப் போயிருந்தது.

அதிகாரி வரிசையை எட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினான். “என்னக்கா இது? நம்ம குண்டுல நம்ம சனமே சாகவா?”

செல்வராணி கொப்பரையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

“இதை அப்படியே மேலிடத்துல கேளுங்க தம்பி. கப்பல எடுக்கச் சொல்லுங்க, எனக்குப் போயி மாவாட்டணும்.”